தெருக்கிணற்று அறிக்கைகளை அழிப்பதற்கு முன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்கள் இருவரும் மாத்திரைகளின் தயவில் சௌக்கியம். நீங்களும் என் மகளும் மாத்திரையின்றியே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் சாப்பிடும்போது, "கம்பெனியையே மூடியாச்சு மாமா, அதோட பழைய ஃபைலெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டீர்கள். வாயில் சாப்பாடு இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெஞ்சை விற்கலாம், கரும்பலகையை உடைக்கலாம். அங்கே படித்தவர்களின் மதிப்பெண்களைத் தூக்கி எறியலாமா? நீங்கள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சாயக் கம்பெனி பல வருடங்களாக எங்கள் தெருக்கிணற்றில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்தது. முடிவை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாம் வெள்ளிக்கிழமை நீங்கள் அழிக்கப்போகும் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. என்ன தண்ணீர் குடித்தீர்கள், அதில் என்ன கலந்திருந்தது என்று டாக்டர் துருவிக் கேட்கிறார். இவரோ, "நல்ல தண்ணி சார், இனிப்பா இருக்கும்" என்கிறார்.

அதனால் அந்த அறிக்கைகளை வாங்கிப் பத்திரப்படுத்தச் சொல்லி அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா, "தனியார் கம்பெனி சமாச்சாரத்தை நாங்களா போய் எடுக்க முடியாது சார். அவங்க கொடுத்தா வாங்கிக்குவோம்" என்றார். அங்கிருந்து நேரே உங்கள் மேனேஜரிடம் ஓடினேன். "அவங்க கேட்டா கொடுக்கலாம். பொண்ணு கேட்டு வராம யாராவது கட்டிக் கொடுப்பாங்களா?" என்றார். சரி, சம்பந்தம் பேசும் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். காப்பகம் கேட்பதாக ஒரு கடிதம், கம்பெனி கொடுப்பதாக ஒரு கடிதம், இரண்டையும் நானே எழுதி இரண்டு இடத்திலும் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிட்டேன். யாரும் ஒரு வரி படிக்கவில்லை. எழுத்து அழகாக இருக்கிறது என்றார்கள். ஆகவே காப்பகத்து ஆட்கள் வரும்வரை எதையும் அழிக்காமல் பொறுத்திருங்கள்.

இருவரும் மனம் ஒத்து நீடு வாழ்க. உங்கள் அத்தை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: இப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கடிதங்களை மாற்றி நீட்டியிருக்கிறேன். 'எங்களிடம் உள்ள ஆவணங்கள் எல்லாவற்றையும்' கொடுப்பதாக அந்த அம்மாவும், கேட்பதாக உங்கள் மேனேஜரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். காகிதத்தின்படி காப்பகம் முழுவதும் இப்போது உங்கள் கம்பெனிக்குச் சொந்தம். வெள்ளிக்கிழமை அதையும் சேர்த்து அழிக்க வேண்டியிருக்கும். இதைத் திருத்தி வாங்க இன்னும் எத்தனை நாள் அலைய வேண்டுமோ. தையல்காரரால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஆகவே கடிதங்களை விட்டுத்தள்ளுங்கள். உங்கள் மனைவி குடித்து வளர்ந்ததும் அந்தத் தண்ணீர்தான். நாளைக் காலையில் அந்தக் கம்ப்யூட்டரில் எங்கள் தெருவின் பெயரைத் தட்டி, வருவதை ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள்.