சவுரி பாயும் சிங்கப்பூர் பொம்மையும்

கள்ளக்குறிச்சியில் கைராசி டாக்டர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் நோயாளியின் தலையில் கை வைப்பதற்கு முன்னால் "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தொட்ட ஒரே மனிதர் சவுரி பாய்தான். இத்தனைக்கும் அவருடைய நோயாளிகள் எல்லாரும் பொம்மைகள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வளையல், ரிப்பன், சவுரிமுடி விற்கிற கடை. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, அதை யாரும் படித்ததில்லை. சவுரி பாய் கடை என்றால் ரிஷிவந்தியத்தில் பஸ் ஏறுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். வியாபாரத்தை அவருடைய மனைவி பார்த்துக்கொண்டார். பாய் பின்பக்க அறையில் ஒரு ஸ்டவ், இரண்டு அலுமினியச் சட்டி, வரிசையாக ஏழெட்டுச் சீப்புகளோடு உட்கார்ந்திருப்பார். தேங்காய் நார் மாதிரி விறைத்துக்கொண்டு உள்ளே போகும் நைலான் தலைகள், நாலு நாளில் பட்டு மாதிரி வெளியே வரும்.

வைத்தியம் லேசுப்பட்டதல்ல. முதலில் பிடரியில் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரே ஒரு இழையைக் கத்தரித்து வெந்நீரில் போட்டுப் பார்ப்பார். சுருண்டுகொண்டால் அந்தத் தலைக்கு வெந்நீர் ஆகாது. சுருளாவிட்டால் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுப்பார். அப்புறம் கை பொறுக்கிற வெந்நீரில் ஒரு முக்கு, உடனே பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு. கடைசியில் நிழலில் கொடி கட்டித் தொங்கவிடுவார். ஏழெட்டு பொம்மைகள் கால் மேலே, தலை கீழே என்று தொங்குவதைப் பார்த்து, ரிப்பன் வாங்க வந்த ஒரு பெண் அலறிக்கொண்டு ஓடியதுண்டு.

வரிசை விஷயத்தில் பாய் மகா கண்டிப்பு. ஒருநாள் கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்த ஒருவர், மகளுக்குத் திருவிழாவில் வாங்கிய பொம்மையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஜீப்பில் வந்து இறங்கினார் ஓர் அதிகாரியின் மனைவி. கையில் பேண்ட் போட்ட வெளிநாட்டு பொம்மை. தன்னுடையதை முதலில் பார்க்கச் சொன்னார். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்தப் பாப்பாதான் முன்னால் வந்தது, பேண்ட் போட்ட பாப்பா கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுவிட்டார். அந்தம்மா அரைமணி நேரம் வளையல் பார்ப்பது போல நின்றார்.

நான் அப்போது அந்த ஊரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. என் மகளுக்கு ஆறு வயது. என் மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த பொன்முடி பொம்மைக்கு அவள் தினமும் தேங்காய் எண்ணெய் தடவி, முடி பிசுபிசுத்துச் சடை விழுந்துவிட்டது. அதை நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று நான் இஸ்திரிப்பெட்டியை எடுத்தேன். ஒரு கொத்து கருகி உருண்டுவிட்டது. பாயிடம் கொண்டுபோனேன்.

"படிச்சவருதான சார் நீங்க?" என்றார் பாய். பொம்மையை வாங்கி வரிசையில் கடைசியாக வைத்துக்கொண்டார். பத்து நிமிஷம் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வாரமே மகளுக்கு டைபாய்டு. என் மனைவியோடு தியாகதுருகத்தில் மாமனார் வீட்டுக்கு அனுப்பினேன். காய்ச்சல் இறங்கியது, ஆனால் முடி கொத்துக்கொத்தாகக் கொட்ட, மொட்டை போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அறையைவிட்டு வெளியே வருவதில்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. என் மனைவி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: பொம்மையைத்தான் கேட்கிறாள், அதற்காவது முடி நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள்.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. நிலைமை சரியாகட்டும் என்று நான் பாயிடம் சொன்னேன்.

"புள்ள துண்டப் போட்டுக்கினு உக்காந்திருக்குது, நீங்க பஸ்ஸுக்குக் காத்துக்கினு இருக்கீங்க. நடங்க சார்."

நடந்தோம். பொம்மையைப் பெட்டியில் போட்டால் முடி மடங்கிவிடுமாம். அதனால் ஒரு கம்பில் நிற்கவைத்துக் கட்டி, ஊர்வலத்தில் கொடி பிடிப்பது போல் பிடித்துக்கொண்டார். வெயிலுக்குக் குடை வேறு. குடை பொம்மைக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் வெயில்.

பாதி வழியில் ஒரு பெரிய புளியமரம் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் கோடாலியும் கையுமாகப் பத்துப் பேர். நான் பாய்க்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மீசைக்காரர் ஒருவர் இறங்கி வந்தார்.

"இன்னா பாய் இது?"

"காய்ச்சல்ல ஒரு புள்ளைக்கு முடி போயிருச்சுங்க. அதோட பொம்மைங்க இது."

மீசைக்காரர் பொம்மையின் முடியைத் தொடக் கையை நீட்டினார். பாய் முதலில் அவருடைய கையைத் துண்டால் துடைத்துவிட்டு, அப்புறம் தொடவிட்டார். கோடாலி பிடித்த கையைத் துடைத்துவிட்ட அந்தத் துணிச்சலை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

அவர் தடவிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்க வூட்லயும் ஒண்ணு கெடக்குது பாய். பொண்ணு எண்ணெயத் தேச்சு வச்சிருக்குது," என்றார்.

அவ்வளவுதான். பாய் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, எண்ணெய் ஏன் ஆகாது, கொதிக்கிற தண்ணீர் ஏன் ஆகாது என்று வகுப்பெடுத்தார். பத்துப் பேரும் கோஷத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இஸ்திரி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என்னையே உதாரணமாகக் காட்டினார். கடைசியில் ஓர் இளைஞர் எங்களோடு துணைக்கு வந்தார். அடுத்தடுத்த மரங்களிலெல்லாம் அவரே முன்னால் போய், பொம்மை பாய் வருகிறார் என்று சொல்லி வழிவிட வைத்தார்.

தியாகதுருகம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. மகள் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். பாய் பொம்மையை நீட்டினார். கருகிய கொத்தை எங்கே வெட்டினார், எப்படி மறைத்தார் என்பது எனக்கே தெரியவில்லை. அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வாங்கிக்கொண்டாள். முடியைக் கோதிப் பார்த்தாள். ஆனால் துண்டை எடுக்கவில்லை.

பாய் தரையில் உட்கார்ந்து, தன் தொப்பியைக் கழற்றினார். நாலு வருஷப் பழக்கத்தில் நான் அவரைத் தொப்பி இல்லாமல் பார்த்ததில்லை. தலை சுத்தமாக வழுக்கை. வெயிலில் நடந்து வந்து சிவந்து போயிருந்தது.

"பாரு தாயி. உனக்கு ரெண்டு மாசத்துல மொளச்சிரும். எனக்கு அதுவும் இல்ல."

அவள் அறைக்கு வெளியே வந்தாள். மெதுவாகக் கையை நீட்டி அந்தத் தலையைத் தடவினாள். பிறகு துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, ரசம் சாதம் வேண்டும் என்றாள். என் மனைவி அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்துதான் சோறு போட்டாள்.

சாப்பிட்டு முடித்துப் பாய் கிளம்பினார். மகள் மொட்டைத் தலையோடு தெரு வரை ஓடிவந்து, "போய்ட்டு வாங்க பெரியப்பா," என்றாள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் அதைத் திருத்தவில்லை.