நாய்க்கு முன் ஒரு சூரியகாந்தி

விதை போட்டுப் பதினோரு நாள் ஆகியும் தொட்டியில் மண்தான் இருந்தது. தாணுலிங்கம் அந்த மண்ணைப் பதினோராவது தடவையாகப் போட்டோ எடுத்து, மஸ்கட்டில் இருக்கும் மனைவி சீனித்தாய்க்கு அனுப்பினார்.

எல்லாம் ஒரு நாய்க்குட்டிக்காக. உப்பளத்தில் முப்பது வருஷம் கண்காணியாக இருந்து ஓய்வுபெற்ற மனிதருக்கு, வீட்டில் அதட்டுவதற்கு ஒரு ஜீவன் வேண்டாமா? சீனித்தாயை அதட்ட முடியாது. ஓட்டப்பிடாரத்தில் சிநேகிதர் பொன்னுதுரையின் சிப்பிப்பாறை நாய் குட்டி போட இருந்தது. அது போடுமுன்னே ஒரு குட்டியைத் தனக்கென்று சொல்லி வைத்துவிட்டார்.

சீனித்தாய்க்கு நாய் என்றாலே ஆகாது. ஆனால் வேண்டாம் என்று நேராகச் சொல்லுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் மஸ்கட் கிளம்பிய அன்று, மாடியில் ஒரு தொட்டி வைத்து, ஐந்து சூரியகாந்தி விதைகளைத் தன் கையாலேயே ஊன்றினாள்.

"நான் திரும்பி வாரதுக்குள்ள இதுல ஒரு பூ பூக்கட்டும். ஒரு செடிய உசுரோட வச்சிருக்கத் தெரிஞ்சா, நாயும் வளக்கத் தெரியும். பூக்கலன்னா இந்த வீட்டுல நாய்ப் பேச்சே கூடாது. தெனமும் போட்டோ வரணும்."

தாணுலிங்கம் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தண்ணீர் விட்டால் விளையப்போகிறது, இதில் என்ன பெரிய வித்தை? அவருக்குத் தெரிந்த விவசாயம் அது ஒன்றுதான். பாத்தியில் தண்ணீரைப் பாய்ச்சுவார், வெயில் அடிக்கும், வெள்ளையாக விளையும். அதே நம்பிக்கையில் போர் தண்ணீரைத் தினமும் ரெண்டு வேளை ஊற்றினார். பன்னிரண்டாம் நாள் தொட்டியில் பூத்தது. உப்பு.

மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுக் கேன் தண்ணீருக்கு மாறினார். திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போன இடத்தில், மீன் கழிவைப் போட்டால் செடி கிறுகிறுவென்று வரும் என்று ஒருத்தர் சொன்னார். எட்டுச் சாளைத் தலைகளை ஆழமாகப் புதைத்தார். மறுநாள் காலையில் நாலு பூனைகள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. மண் மாடி முழுக்க இறைந்து கிடந்தது. விதை போன இடம் தெரியவில்லை.

முளையில்லாமல் இனி போட்டோ அனுப்ப முடியாதென்று, அவசர அவசரமாகச் சமையலறையில் துழாவி, ஒரு பிடி பாசிப்பயறை மண்ணில் தூவினார். மூன்றாம் நாள் முளை விட்டது. அனுப்பிய ஒரு நிமிஷத்தில் போன் வந்தது.

"முளைச்சிருக்கா? நான் ஊனுன விதையா?"

"பின்ன யாரு விதை?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. ஆனந்தத்தில் வாயடைத்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் பயறு பயறாகத்தானே வளரும்? நாலு நாளில் பயறு இலையை விரிக்கத் தொடங்கியது. இன்னும் ரெண்டு நாளில் குட்டு உடைந்துவிடும் என்று பயந்து நின்றபோதுதான், பக்கத்து வீட்டு எமில்டாவின் மாடியில் அதைப் பார்த்தார். அதேமாதிரி தொட்டி. ஒரு ஜாண் உயரத்தில், சாட்சாத் சூரியகாந்திக் கன்று.

கைப்பிடிச் சுவரின் மேல் சாய்ந்து போட்டோ எடுத்தவரை எமில்டா பார்த்துவிட்டாள். அவர் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள்.

"போட்டோ எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. ஆனா தண்ணி ஊத்துறது உங்க பொறுப்பு. நல்ல தண்ணி."

அன்றிலிருந்து தினமும் காலையில் குடத்தோடு பக்கத்து மாடி ஏறினார். முதலில் போட்டோவுக்காகப் போனவர், பிறகு போட்டோ எடுத்த பின்னும் இறங்கவில்லை. கன்று இடுப்பளவு வந்தது. காற்றில் சாயாமல் குச்சி நட்டுக் கட்டினார். மொட்டு வைத்த அன்று பொன்னுதுரைக்குப் போன் போட்டார். நாய்க்குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிட்டு மொட்டைப் பற்றியே பேசினார். வெயில் போகிற பக்கம் அது தலை திரும்புவதைப் பார்க்க, மத்தியானத் தூக்கத்தையும் விட்டார்.

மஸ்கட்டில் மகள் உமாராணி அப்பாவின் கைராசியைப் புகழ்ந்து தள்ளினாள். சீனித்தாய் மட்டும் ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரே கேள்வி கேட்டாள். "நெசமாவே அந்த விதைதானா?"

அவள் வருவதற்கு முந்தின நாள் பூ விரிந்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. எமில்டாவும் அவருமாகத் தொட்டியைச் சுவர் தாண்டித் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்கள்.

சீனித்தாய் பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு மாடிக்கு ஏறினாள். பூவைப் பார்த்தாள். தண்டைத் தொட்டாள். மண்ணைக் கிளறினாள். புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். கீழே இறங்கி ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுச் சொன்னாள்.

"சரி. நாயக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் குட்டி வந்தது. வந்ததும் சீனித்தாயின் செருப்பைத்தான் கடித்தது. அவள் செருப்பை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். அந்தப் பொறுமை தாணுலிங்கத்தை அறுத்தது. இத்தனை நம்பிக்கை வைத்தவளை ஏமாற்றிவிட்டோமே என்று சோறு இறங்கவில்லை. ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக்கொண்டு எமில்டா வீட்டுக்குப் போனார்.

"நன்றி சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். மனசு கேக்கல, எமில்டா. இன்னைக்கு அவகிட்ட உண்மையச் சொல்லப்போறேன். நாய் போனாலும் சரி."

எமில்டா மக்ரூன் ஒன்றை வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தாள்.

"சொல்லிராதீங்க அண்ணாச்சி. உங்க தொட்டியில போட்ட அஞ்சு விதையையும் அக்கா எங்க வீட்டு அடுப்புலதான் வறுத்தாவ. வறுக்காம மிச்சம் வச்சிட்டுப் போனதத்தான் நான் ஊனுனேன்."