பீரோவுக்குள் கண்ணாடி விரியன்

என் காதுகள் சாதாரணக் காதுகள்தான். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இருபத்தாறு வயதில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவரோடு பேச்சையே நிறுத்தியிருப்பேன். அப்போது நான் ஒரகடத்தில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். இரும்பில் முடியளவு கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஆகவே பாட்டிலும் நான் அப்படித்தான் என்று முடிவாகிவிட்டது. (முடிவு செய்த கமிட்டியில் நான் ஒருத்திதான்.)

ஷிப்ட் பஸ்ஸில்தான் இது தொற்றியது. பக்கத்து சீட்டுப் பெண் ஒரு நாள் தன் ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள். பத்து வருடமாக நான் கேட்டுவந்த பாட்டு. அதில் பின்னால் யாரோ ஒருவர் சின்னதாக ஒரு மணியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் இத்தனை வருடம் எங்கே இருந்தார்? வாலாஜாபாத் தாண்டும்வரை அந்த மணியை மட்டுமே திருப்பித் திருப்பிக் கேட்டேன். அவள் ஹெட்போனைத் திருப்பிக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நான்கு மாதம் நான் மனுஷியாக இல்லை. இணையத்தில் ஹெட்போன் பைத்தியங்களின் குழு ஒன்றில் சேர்ந்து, கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். ட்ரெபிள், மிட்ரேஞ்ச், சவுண்ட் ஸ்டேஜ் என்று வாயில் புது வார்த்தைகள் வந்து உட்கார்ந்தன. ஒரு நாள் சாப்பிடும்போது, "ரசத்துல மிட்ரேஞ்ச் கொஞ்சம் கம்மிமா" என்று சொல்லி, அம்மாவிடம் கரண்டியால் வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை சென்னைக்குப் போய், குளிரூட்டிய ஒரு கடையில் ஆறு ஹெட்போன்களை வரிசையாகக் கேட்டேன். கடைக்காரர் ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் கிசுகிசுப்பாகப் பேசினார். ஐந்தாவதை மாட்டியதும், கிடார் வாசிப்பவரின் விரல் கம்பியில் வழுக்கும் சத்தம் என் இடது காதுக்கு அரை அடி தள்ளிக் கேட்டது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன்.

"இது பின்பக்கம் திறந்திருக்கிற மாடல் மேடம். வலை மாதிரிதான் இருக்கும். வெளிச் சத்தம் உள்ள வரும், உள்சத்தம் வெளிய போகும். வீடு அமைதியா இருக்குமில்ல?" என்று கேட்டார் அவர்.

அமைதியாக இருக்கும் என்றேன். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். இடது பக்கம் மூன்று தறி, வலது பக்கம் இரண்டு. ஆனால் அந்த நிமிஷம் அவர் என் கிட்னியைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். விலையைச் சொல்ல மாட்டேன். அந்தப் பணத்துக்கு இரண்டு முகூர்த்தப் புடவை வாங்கியிருக்கலாம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

வாங்கி வந்ததும் உடனே கேட்கலாம் என்று நினைப்பீர்கள். கூடாதாம். புது ஹெட்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு விறைப்பாக இருக்குமாம். அதற்குள் நூறு மணி நேரம் ஓர் இரைச்சலை ஓடவிட்டால்தான் இளகி வழிக்கு வருமாம். குழுவில் இருந்த நிபுணர்கள் சொன்னார்கள். (அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. நாய்க்குட்டிப் படமும் சூரியகாந்திப் படமும்தான் தெரியும்.) அதற்கென்றே ஒரு இரைச்சலை அவர்களே கொடுத்தார்கள். 'உஸ்ஸ்ஸ்' என்று அரை நிமிடம், சற்று ஓய்வு, மறுபடியும் 'உஸ்ஸ்ஸ்'.

என் பழைய போனில் அதை ஏற்றி, ஒலியைக் கூட்டுவதற்கென்று வாங்கிய, சோப்புப் பெட்டி அளவு ஆம்ப்பில் சொருகி, ஹெட்போனையும் சேர்த்து பீரோவின் அடித்தட்டில், புடவைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இரவில் எடுத்து சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் மறுபடி ஓடவிடுவேன். தறிச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை சாமுவேல், வாலாஜாபாத்தில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தார். பார்த்ததும் எங்கள் இருவருக்கும் பிடித்துவிட்டது. இடித்தது ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகக் கூடாது என்று அவருடைய அம்மா சொல்லிவிட்டார். அந்த அம்மா அவர்கள் ஊர்ச் சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறவர், வீட்டிலும் அவர் சுருதிதான். வேலையை விட நான் தயாராக இல்லை. அதைப் பேசி முடிக்க மாப்பிள்ளையும் அவருடைய அம்மா அப்பாவும் மறுபடி வருவதாக ஏற்பாடு.

அவர்கள் வந்த நாள் அமாவாசை. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது, ஆனால் தெருவில் தறிகளுக்கு விடுமுறை. ஐந்து தறியும் நின்ற தெருவில் ஊசி விழுந்தால் கேட்கும். நான் காலையிலேயே பியூட்டி பார்லருக்குப் போய்விட்டேன். நான் கட்ட வேண்டிய புடவையை எடுக்க அம்மா பீரோவைத் திறந்தார்.

உஸ்ஸ்ஸ்.

நான் திரும்பி வரும்போது வீட்டு வாசலில் தெருவே நின்றது. அம்மா மூச்சு வாங்கியபடி, பீரோவில் பாம்பு புகுந்துவிட்டது, அப்பா தாமலிலிருந்து பாம்பு பிடிக்கிறவரை வரவழைத்திருக்கிறார் என்றார். ஏதேன் தோட்டத்துக்கு அப்புறம் பாம்பு நம் வீட்டுக்குத்தான் வர வேண்டுமா என்றும் அங்கலாய்த்தார். அவருக்குப் பின்னால், பழத்தட்டைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை வீட்டார் மூவரும் வெயிலில் நின்றார்கள்.

இப்போது நீங்கள், எனக்கு உடனே விளங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். விளங்கவில்லை. இரண்டு ஒயருக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைக் காதாலேயே சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவளுக்கு, தான் ஓடவிட்ட இரைச்சல் தெரியவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: என் ஹெட்போனும் ஒரு பாம்பும் ஒரே பீரோவில் இருக்கின்றன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். பாம்பு பிடிக்கிறவர் கையில் வளைந்த கம்பியோடு பீரோ முன்னால் குந்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல பாம்பு இல்லபா. நல்ல பாம்பு இப்படி விடாம சீறாது. கண்ணாடி விரியன். நல்லா முத்தினது" என்று அப்பாவிடம் சொன்னார்.

அப்பா இரும்புப் பைப்போடு தயாராக நின்றார். கம்பி புடவைகளுக்கு நடுவே நுழைந்தது. "வால் தெரியுது" என்றார் அவர். கறுப்பாக, தடிமனாக, நூல் பின்னல் போட்ட என்னுடைய கேபிள். (பின்னல் போட்டால் ஓசை மென்மையாகும் என்று சூரியகாந்தி சொல்லியிருந்தது.) ஒரே இழுப்பு. இரண்டு புடவைகளோடு சேர்ந்து ஹெட்போன் தரையில் வந்து விழுந்து சீறியது. அப்பா பைப்பை ஓங்கினார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளக்கிச் சொல்ல நேரமில்லை. நான் அதன்மேல் குப்புற விழுந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஜன்னல் வழியாகப் பார்த்தது இதைத்தான்: முழு மேக்கப்பில் மணப்பெண் ஓடிப்போய் ஒரு கண்ணாடி விரியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அடிக்காதப்பா, இது என்னுது" என்று கத்துகிறாள். எனக்குக் கீழே அது இன்னும் உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஓய்ந்ததும் எழுந்து உட்கார்ந்து, நூறு மணி நேரக் கதையைச் சொன்னேன். ஒருவர் முகத்திலும் அசைவில்லை. பாம்பு பிடிக்கிறவர் மட்டும் ஹெட்போனை வாங்கிக் காதோரம் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"சவுண்டு அப்படியே விரியன்தாம்மா. நல்ல செட்டு" என்றார்.

என் ஹெட்போனுக்கு வந்த முதல் விமர்சனம் அது. குழுவில் எழுதியவர்கள் யாரும் இவ்வளவு நேர்மையாக எழுதியதில்லை.

ஒருவழியாக மாப்பிள்ளை வீட்டாரை உள்ளே அழைத்து உட்கார வைத்தோம். சாமுவேலின் அப்பா, எங்கள் குடும்பத்தில் யாருக்காவது நரம்புத் தொந்தரவு உண்டா என்று என் அப்பாவிடம் மெதுவாக விசாரித்தார். சாமுவேல் கைக்குட்டையால் வாயை மூடியிருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, பயந்து அழுகிறாரா என்று தெரியவில்லை. அவருடைய அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு கேக்கறதுக்குன்னு வாங்கிட்டு, குந்திக்கினு இந்த உஸ்ஸைத்தான் கேப்பியாமா நீ?"

இல்லை அத்தை என்று சொல்லிப் பயனில்லை. நிரூபித்தால்தான் உண்டு. நூறு மணி நேரம் முடிய இன்னும் நாற்பது மணி நேரம் இருந்தது. குழுவின் கட்டளையை மீறினேன். என் போனில் இருந்த, நாலு குரலில் பாடிய ஒரு சர்ச் கீதத்தை ஓடவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். பேச்சுச் சத்தம் தொந்தரவு செய்யாதிருக்க வால்யூமையும் நன்றாகக் கூட்டிவைத்தேன்.

முதலில் அவர் முகம் சுளித்தது. பிறகு புருவம் மேலே போனது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாடறதுக்கு முந்தி மூச்சு வாங்கறாங்க. அது கேக்குதுமா எனக்கு" என்றார். காதில் இருந்த சத்தத்துக்கு ஈடாகக் கத்தியே சொன்னார். வாசலில் இருந்தவர்கள் மறுபடி ஜன்னலுக்கு வந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது வந்தது. காபி ஆறியது. அதற்குமேல் காத்திருக்க முடியாமல் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தியம்மா, பொண்ணு வேலைக்குப் போறதைப் பத்தி..."

அவர் தலையை ஆட்டினார். மேலும் கீழுமாக, நிதானமாக, நிறைவாக.

அப்பா நம்பாமல், ஷிப்ட் வேலையும் உண்டு என்றார். அதற்கும் ஆட்டினார். கல்யாணத்தை எங்கள் சர்ச்சிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா இதுதான் சமயம் என்று நுழைந்தார். அதற்குக் கொஞ்சம் வேகமாகவே ஆட்டினார். (சரணம் வந்திருக்க வேண்டும்.) சாமுவேலின் அப்பா முப்பது வருடத்தில் இப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை போலிருக்கிறது. "அவளே சரின்னுட்டா. அப்புறம் இன்னா பேச்சு?" என்று சொல்லி, தட்டை மாற்ற எழுந்துவிட்டார்.

கல்யாணமான பத்தாம் நாள் நான் டிபன் டப்பாவோடு ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அத்தை வாசலில் நிறுத்தி, இதற்கு யார் ஒத்துக்கொண்டது என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். மாமனாரும் மகனும் சாட்சி சொன்னார்கள். அவருக்கு அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது.

"நான் பாட்டுக்குத் தலையாட்டினேன்டா பாவிங்களா" என்றார். ஆனால் பஸ் ஹாரன் அடித்ததும் வழியை விட்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் ஹெட்போன் அவரிடம் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அது அவருடையது. எனக்கு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஆராதனை முடிந்து வந்து அவர் தூங்கினால். யாருக்கு என்ன அனுமதி வேண்டுமானாலும், வண்டி மாற்றவோ டூர் போகவோ, எங்கள் வீட்டில் முதலில் சொல்வது, "அம்மாவுக்கு அதை மாட்டிவிடு" என்பதுதான். அவரும் உஷாராகிவிட்டார். இப்போதெல்லாம் பாட்டு ஓடும்போது யாராவது அறைக்குள் நுழைந்தால் தலை சிலைபோல் நின்றுவிடுகிறது. தாளம் முழுவதும் கால் கட்டைவிரலுக்கு இறங்கிவிட்டது.

கட்டைவிரல் ஆடினாலும் சம்மதம்தான் என்று சாமுவேல் வாதாடிக்கொண்டிருக்கிறார். போன வாரம் அத்தை சாக்ஸ் வாங்கிவரச் சொன்னார்.