பதினோராவது பாயிண்டு

வச்சலாவின் கை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு, தலை போச்சு. வயிற்றில் ஒரு கீறல், குடல் போச்சு. கண் மட்டும் மீனைப் பார்க்கவேயில்லை. எதிரே நின்ற புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தது. கங்காதரனுக்குத் தன் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றியது.

“ஆட்டம் இன்னாச்சு?”

“ஜெயிச்சிட்டோம். அம்பத்தி நாலு, நாப்பத்தொம்பது.”

“அது ஊருக்கே தெரியும். நீ எத்தினி போட்ட?”

பந்தயமே அதுதான். செங்கல்பட்டில் சியாமளா டீச்சர் புதுசாகத் தையல் வகுப்பு ஆரம்பிக்கிறாள். சனி, ஞாயிறு சாயங்காலம், ஆறு மாசத்துக்கு. சேர்ந்தே தீருவேன் என்று வச்சலா ஒற்றைக்காலில் நின்றாள். அவள் போனால் எட்டு மாசக் குழந்தையை யார் பார்ப்பது? சனி, ஞாயிறு சாயங்காலம்தான் கங்காதரன் கம்பெனி கூடைப்பந்து டீமோடு மைதானத்தில் இருப்பான். போன வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு சபதம் போட்டான். மெட்ராஸ் டீமோடு ஆடும் ஆட்டத்தில் தான் ஒருவனே பத்துப் பாயிண்டு எடுப்பதாக. எடுத்தால் அவள் தையல் பேச்சையே எடுக்கக்கூடாது. எடுக்காவிட்டால் குழந்தை அவன் இடுப்பில்.

நேற்று ஆட்டம் நடந்தது. நாற்பது நிமிஷமும் கங்காதரன் பெஞ்சில்தான் இருந்தான். பந்தை அவன் கை தொட்டது ஒரே தடவை. அதுவும் கோட்டுக்கு வெளியே உருண்டு வந்த பந்து.

இப்போது டீச்சர் பக்கத்து வீட்டு முனியம்மா வாசலில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டிருந்தாள். பாக்கி ஒரே இடம். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். மணி நாலே முக்கால். கால் மணி நேரம் தாக்குப்பிடித்தால் போதும், தையலாவது தைக்கிறதாவது!

“நீயே பாரு,” என்று கங்காதரன் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான்.

டீமில் அவனுக்கு இருந்த ஒரே வேலை, ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் ஷீட்டை அழகான கையெழுத்தில் நகல் எடுத்து ஆபீஸ் போர்டில் ஒட்டுவது. இந்தத் தடவை இரண்டு நகல் எடுத்தான். ஒன்று போர்டுக்கு. ஒன்று பெண்டாட்டிக்கு.

பெண்டாட்டி நகலில் கொஞ்சம் பங்கு பிரித்திருந்தான். கோவளத்தில் மாமனார் படகு கரைக்கு வரும்போது பார்த்திருக்கிறான். வலை இழுத்தவனுக்குப் பங்கு. துடுப்புப் போட்டவனுக்குப் பங்கு. கரையில் நின்று கயிறு பிடித்தவனுக்குக்கூட ஒரு கை மீன். அப்படியிருக்க, பெஞ்சில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினவனுக்கு மட்டும் இல்லையா? வரதனிடம் நாலு எடுத்தான். சதாசிவத்திடம் நாலு. இருசப்பனிடம் மூணு. ஆக, கங்காதரன் பதினொண்ணு. டீம் மொத்தம் அப்படியே இருந்தது. சரியாகப் பத்து என்று எழுதினால் சந்தேகப்படுவாள் என்றுதான் பதினொண்ணு. தன் மூளையை நினைத்தால் அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

வச்சலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“வரதன் பதினாலு. இருசப்பன் பதினெட்டு. சதாசிவம் பதினொண்ணு. நீ பதினொண்ணு. மத்தவங்க சைபர்.” உதடு அசைந்தது. “அம்பத்தி நாலு. சரியா கீது.”

கங்காதரன் மூச்சு விட்டான். மணி நாலு ஐம்பது.

“ஆமா, ஒரு தபா கூடையில போட்டா எத்தினி பாயிண்டு?”

“ரெண்டு. எங்கருந்து போட்டாலும் ரெண்டுதான்.”

“ஒண்ணே ஒண்ணு வரதுக்கு வழி கீதா?”

“கீதே! எவனாச்சும் நம்மள இடிச்சிட்டா ஃப்ரீ த்ரோ குடுப்பாங்க. நின்ன எடத்துலருந்து போடணும். அதுக்கு ஒண்ணு.” விளக்கம் சொல்வதென்றால் அவனுக்கு எப்போதும் ஒரு குஷி.

“உன் பேருக்கு நேரா ஃப்ரீ த்ரோ சைபர்னு போட்டுக்கீது.”

“பின்ன? என்னை இடிக்க எவனுக்கு தைரியம் கீது?”

வச்சலா முறத்தில் நெத்திலியை ஜோடி ஜோடியாக வைத்தாள். ரெண்டு. நாலு. ஆறு. எட்டு. பத்து. அப்புறம் ஒரே ஒரு மீனை எடுத்துத் தனியாக வைத்தாள்.

“இந்த ஒத்த மீனு எப்படிய்யா வலையில வந்துது?”

குப்பென்று வேர்த்தது கங்காதரனுக்கு. நேற்று ஆட்டத்தில் வராத வேர்வை மொத்தமும் இப்போது வந்தது.

“அது... எழுதும்போது கை தவறிக்கீது.”

“அப்ப நீ போட்டது பத்தா?”

“பத்துதான்!” சட்டென்று அவனுக்கு உயிர் வந்தது. “பந்தயமே பத்துதானே? ஒண்ணு போனா போவட்டும். நான் ஜெயிச்சிட்டேன்!”

பக்கத்து வாசலில் நாற்காலி நகர்ந்தது. டீச்சர் எழுந்துவிட்டாள்.

“சரி மாமா, நீயே ஜெயிச்ச. ஆனா ஒண்ணு கொறைஞ்சா மொத்தம் அம்பத்தி மூணு ஆவுதே. ஊரெல்லாம் அம்பத்தி நாலுன்றாங்க. இந்த ஒத்த மீன நான் எங்க வெக்கறது?”

இன்னும் ஐந்தே நிமிஷம். ஜெயித்த குஷியில் அவன் நாக்கு காலை விட வேகமாக ஓடியது.

“இதுல இன்னா பேஜாரு? இருசப்பன்கிட்ட எடுத்தது. அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா போச்சு!”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

வச்சலா ஒத்த மீனை முறத்தின் மறுபக்கம் வைத்தாள். “இது இருசப்பனோடது.” பிறகு, கல்யாண நாளிலிருந்து காட்டாத மரியாதையோடு கேட்டாள். “மீதி பத்தும் யார் யாருதுங்க?”

கங்காதரன் சுவரைப் பார்த்தான். “ரெண்டு அவனுது.” கூரையைப் பார்த்தான். “நாலு வரதனுது.” பார்க்க வேறு இடமில்லை. “நாலு சதாசிவத்துது.”

ஒவ்வொரு மீனாக இடம் மாறியது. அவன் பக்கம் முறம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“எங்க நைனா பங்கு பிரிக்கும்போது ஏழு வயசுலருந்து பக்கத்துல குந்திகினு இருந்தவ நானு. கடலுக்கே போவாதவன் வந்து பங்கு கேட்டா எங்க நைனா இன்னா குடுப்பாரு தெரியுமா? கழுவ வேண்டிய வலை.”

கையை அலம்பினாள். தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கி அவன் இடுப்பில் வைத்தாள்.

“ஏம்மே, ஆறு மாசமும் நானேவா?”

“வேற சப்ஸ்டிட்யூட் இருந்தா சொல்லு.”

“ஏ வச்சலா!” முனியம்மா குரல் கொடுத்தாள். “டீச்சர் தெருவுல எறங்கிட்டாங்க. வரியா இல்லியா?”

“தோ வந்துட்டேன்க்கா! யோவ், புள்ள நனைச்சா துணி கொடியில கீது. நெத்திலி பாதிதான் ஆஞ்சிக்கீது, மீதிய நீ ஆஞ்சி, மஞ்ச போட்டு கழுவிட்டு, தலையெல்லாம் வாரி அந்த ஸ்கோர் ஷீட்ல மடிச்சி, பூனைக்கு அதும் பங்க குடுத்துடு!”