வலித்தால் கையைத் தூக்கவும்

பல் டாக்டர் வலது தாடையில் போட வேண்டிய ஊசியை இடது தாடையில் போட்டுவிட்டார். அதற்குக் காரணம் தான் இல்லை, மைத்துனர்தான் என்று அவர் இன்றைக்கும் சாதிப்பார். பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அந்த மைத்துனர் பஞ்சுப் பொட்டலம் கொடுக்க வந்தவர், கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? கதவில் சாய்ந்துகொண்டு, "என்னதான் சொல்லுங்க அத்தான், போனவரு ஒண்ணும் கெட்ட மனுஷன் இல்லை" என்றார். கையில் ஊசியோடு நிற்கிற ஆளிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

"இல்லையா?" என்று டாக்டர் திரும்பினார். கூடவே ஊசியும் பக்கம் மாறியது.

போனவர் என்றால், ஊர்க் கால்பந்து கிளப்பின் நிர்வாக இயக்குநர். அணியைப் பட்டியலின் அடியில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டு, போன வாரம்தான் ராஜினாமா செய்திருந்தார். ரசிகர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. உம்மணாமூஞ்சி என்றால் எல்லோருக்கும் தெரியும். பதவியில் இருந்த காலம் முழுவதும் எந்தப் பத்திரிகைப் படத்திலும் அவருடைய பல் வெளியே தெரிந்ததில்லை. கறுப்புக் கண்ணாடி, இறுக்கி மூடிய உதடு, அவ்வளவுதான். தோற்கிற அணியை வைத்துக்கொண்டு எதைப் பார்த்துச் சிரிப்பது என்று மைத்துனர் கேட்பார். தோற்க வைத்ததே அவன்தானே என்று டாக்டர் பாய்வார். டாக்டரின் மனைவி கணவனுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

டாக்டரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எவனாவது நன்றாக ஆடுகிற கோல்கீப்பரை விற்பானா? உம்மணாமூஞ்சி விற்றான். பயிற்சியாளரைச் சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றினான். இதையெல்லாம்கூட டாக்டர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஜெர்சியைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்பன் காலத்திலிருந்து சிவப்பாக இருந்த ஜெர்சியை அந்த ஆள் வெள்ளையாக்கினான். மழை பெய்தால் குளமாகிற மைதானத்தில் வெள்ளை. பாதி ஆட்டத்துக்குள் எல்லாம் சேற்று நிறம். நம் ஆள் யார், எதிராளி யார் என்று தெரியாமல் நம் பையன்களே எதிரணிக்குப் பந்தைக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் டாக்டர் இப்போது மைத்துனருக்கு விளக்கி முடித்துவிட்டுத் திரும்பினால், நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார் கையைத் தூக்கியபடி இருந்தார். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: வலித்தால் கையைத் தூக்கவும். வாய் திறந்திருக்கும்போது வேறு எப்படிச் சொல்வது? அந்த ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் எலும்பு வரை ஊறியிருந்தது. டாக்டரிடம் வருகிறவர்கள் வீட்டில் கால் இடித்துக்கொண்டால்கூட முதலில் கைதான் மேலே போகும்.

"இந்தப் பக்கமா போட்டேன்?" என்றார் டாக்டர். "பரவாயில்லை சார். அந்தப் பக்கமும் போட்டுடலாம்."

போட்டார். மனசு கேட்காமல் கொஞ்சம் தாராளமாகவே போட்டார். கடைவாய்ப் பல் சுலபமாக வந்துவிட்டது. வாத்தியார் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். காற்று மட்டும் வந்தது. அப்போதுதான் டாக்டருக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ரசிகர் மன்றக் கூட்டம். பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று உம்மணாமூஞ்சிக்கு மன்றத்தின் சார்பில் கேடயம் கொடுத்து வழியனுப்ப வேண்டும் என்று மைத்துனர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். மன்றத்தின் தலைவர் டாக்டர். கேடயம் என்று வந்தால் தலைவர் கையால்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கையால் அந்த ஆளுக்கா? அதற்குப் பதில் சொந்தப் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்வதாக டாக்டர் காலையில் மனைவியிடம் சொல்லியிருந்தார். தீர்மானத்தை எதிர்த்துப் பேச மன்றத்தில் ஒரே வாய்தான் உண்டு. அது செயலாளர் வாய். செயலாளர் கணக்கு வாத்தியார்.

கன்னத்தை நன்றாகத் தேய்த்துவிட்டால் சீக்கிரம் சரியாகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வாத்தியார் எதையும் ஒழுங்காகச் செய்கிறவர். வழியெல்லாம் தேய்த்துக்கொண்டு போனார். சாயங்காலம் சைக்கிள் கடை மாடியில் கூட்டத்துக்கு வந்தபோது மரமரப்பு அப்படியே இருந்தது. கூடுதலாக இரண்டு கன்னமும் பன்னாக வீங்கியிருந்தன.

வேறு வழியில்லாமல் டாக்டரே பேசினார். அவர் தைரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய வெள்ளிக்கிழமைக்காரர்.

வெள்ளிக்கிழமை தோறும் கடைசி ஆளாக வருகிற நோயாளி அவர். பல்லைக் கடித்துக் கடித்தே தேய்த்து வைத்திருந்தார். மனுஷனுக்கு என்ன கவலையோ என்று டாக்டர் இரக்கப்பட்டு, மேல்வரிசையில் முன்பல் இரண்டைத் தன் கையால் கட்டிக்கொடுத்தார். தொழிலில் அதுதான் அவருடைய பெருமை. அந்த வாயின் பிளாஸ்டர் அச்சைக் கிளினிக் மேசைமேல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஆளின் முகம் கேட்டால் தெரியாது. டாக்டர் உள்ளே வருவதற்கு முன்பே நர்சம்மா அவரைப் படுக்கவைத்து, விளக்குக் கூசாமல் கண்ணாடி மாட்டிவிட்டிருப்பார். டாக்டருக்கு யார் முகமும் மனதில் நிற்காது, வாயைத் திறந்தால்தான் அடையாளம் தெரியும். சொந்த மாமனாரையே ஒருநாள் கடைத்தெருவில் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய், அவர் கொட்டாவி விட்ட பிறகுதான் வணக்கம் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமைக்காரரிடம் டாக்டர் கால்பந்தைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார். குறுக்கே ஒரு வார்த்தை வராது. நடுநடுவே கையை மட்டும் தூக்குவார். ரொம்ப வலி தாங்காத உடம்பு என்று டாக்டர் ஊசியை இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். நர்சம்மா ஓடிப்போய்ப் பஞ்சோ டிஷ்யூவோ எதையோ அந்தக் கையில் திணிப்பார். இப்படி ஒரு விஷயம் தெரிந்த ரசிகனை டாக்டர் பார்த்ததில்லை. அவர் மன்றத்தில் இருந்திருந்தால் இந்தக் கேடயப் பேச்சே எழுந்திருக்காது என்பது டாக்டரின் எண்ணம்.

கூட்டத்தில் டாக்டர் கோல்கீப்பரில் ஆரம்பித்தார். ஜெர்சிக்கு வந்தபோது குரல் உச்சத்துக்குப் போய்விட்டது.

"சேத்துல ஆடுற பசங்களுக்கு வெள்ளைச் சட்டை மாட்டலாம்னு ஒருத்தன் மண்டையில உதிச்சிருக்கே, அந்த மண்டையை அறுத்துப் பார்க்கணும். உள்ளே களிமண்ணுகூட இருக்காது. அந்த மடையனுக்கா கேடயம்?"

நல்ல கைதட்டல். மைத்துனர் எழுந்து, பெண்கள் அணியை ஆரம்பித்தது யார், மாணவர்களுக்கு இலவச டிக்கெட் கொடுத்தது யார், அணி தோற்ற ஒவ்வொரு நாளும் கடைசி ஆள் வெளியேறும் வரை மழையில் வாசலில் நின்றது யார் என்று நிதானமாகக் கேட்டார். சிலர் தலையாட்டினார்கள். தலையாட்டியவர்களில் இரண்டு பேர் டாக்டரிடம் பல் கட்டியவர்கள் என்பதுதான் டாக்டருக்கு ஆற்றமாட்டாத எரிச்சலைக் கொடுத்தது.

பயமுறுத்தினால் அடங்குவார்கள் என்று நினைத்து அவர் மறுபடி எழுந்தார். இந்தத் தீர்மானம் நிறைவேறினால் கேடயத்தைக் கொடுத்த கையோடு அதே மேடையில் தலைவர் பதவியையும் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவேன் என்றார்.

சொல்லியிருக்கக் கூடாது. தலைவருக்கு மைதானத்தில் முதல் வரிசையில் கூரைக்குக் கீழே ஒரு நாற்காலி உண்டு. ரொம்ப நாளாக அந்த நாற்காலிமேல் கண் வைத்திருந்த சிலர், அந்த நிமிஷமே உம்மணாமூஞ்சியின் நல்ல குணங்களை நினைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கை தூக்கி ஓட்டு. தீர்மானத்தை ஆதரிப்பவர்கள் தூக்கலாம் என்றார் மைத்துனர். டாக்டர் எண்ணிப் பார்த்தார். சரிபாதி. சமமாக வந்தால் தலைவர் சொல்வதுதான் முடிவு. அப்பாடா என்று உட்காரப் போனார்.

அந்த நேரம் பார்த்துக் கணக்கு வாத்தியாருக்கு ஊசியின் வேகம் இறங்கியது. பல் பிடுங்கிய குழியிலிருந்து சுரீரென்று ஒரு வலி கிளம்பிக் காது வரைக்கும் போனது. வாத்தியாரின் கை தானாக மேலே போனது.

"செயலாளரும் நம்ம பக்கம்" என்றார் மைத்துனர். "தீர்மானம் நிறைவேறியது."

"அது ஓட்டு இல்லை, வலி" என்று டாக்டர் கத்தினார். "வாத்தியாரே, சொல்லுங்க."

வாத்தியார் சொல்லத்தான் பார்த்தார். வலிக்கத் தெரிந்த வாய்க்கு இன்னும் பேசத் தெரியவில்லை. சைகை காட்டலாம் என்று இன்னொரு கையையும் தூக்கினார். இரண்டு கையாலும் ஆதரிக்கிறார் என்று யாரோ சொல்ல, மாடியே சிரித்தது.

வீட்டுக்கு வந்த டாக்டர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி, இத்தனை வருஷம் தலைவராக இருந்தது போதாதா என்று ஆறுதலாகத்தான் கேட்டார். போதாது என்றார் டாக்டர். போகிற பதவி ஒரு நல்ல காரியத்துக்காகப் போயிருந்தால் அவர் தூங்கியிருப்பார். இந்த அணியைத் தன் பிள்ளை மாதிரி நேசித்தவர் அவர். அதை நாசமாக்கினவன் கையில், தன் கையாலேயே கேடயத்தைக் கொடுத்துவிட்டுப் போவதென்றால்?

கடைசி ஆட்டத்தன்று மழை. வெள்ளை ஜெர்சிகள் வழக்கம்போல் சேற்றில் காணாமல் போயின. அணியும் வழக்கம்போல் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் ஓரத்தில் போட்டிருந்த மேடையில் டாக்டர் கேடயத்தோடு ஏறினார். அந்த ஆள் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொல்ல ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்திருந்தார். எங்களுக்கு நீங்கள் கொடுத்த வலிக்கு இது ஞாபகார்த்தம் என்று. கூட்டத்தில் பாதி கூவியது, பாதி கைதட்டியது.

உம்மணாமூஞ்சி எதிரே வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கேடயத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. பிறகு, அந்த ஊர் சரித்திரத்தில் முதல் தடவையாக, வாய் நிறையச் சிரித்தார்.

டாக்டருக்கு மனப்பாடம் மறந்துபோனது. மேல்வரிசையில் முன்பல் இரண்டு. வலப்பக்கத்துப் பல்லில் ஒரு சிறு சாய்வு, இயற்கையாகத் தெரியட்டும் என்று அவரே ராவி வைத்தது. தினமும் மேசைமேல் பார்க்கிற வாய். அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பேசித்தான் எத்தனை பேரிடம் இந்த ஆளைத் திட்டியிருக்கிறார்.

"பதவிதான் போச்சு, வெள்ளிக்கிழமை வரலாமில்ல டாக்டர்?" என்றார் அவர் மெதுவாக. "கீழ் வரிசையில ஒண்ணு ஆடுது."

டாக்டர் தலையாட்டினாரா இல்லையா என்பது அவருக்கே தெரியாது. பதவி விலகல் பேச்சை மறந்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். கீழே நர்சம்மா குடையோடு நின்றிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும் டாக்டர். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு. ராவுற மிஷின் உங்க கையில இல்ல இருக்கு?"

டாக்டருக்கு மழையிலும் உடம்பு கொதித்தது. ஏமாற்றப்பட்டதைக்கூட விட்டுவிடலாம். எத்தனை வெள்ளிக்கிழமை, எத்தனை மணிநேரம், இந்த அணியை எப்படித் தூக்கி நிறுத்தலாம் என்று தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறார். யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரை அனுப்ப வேண்டும், எல்லாம். அத்தனையும் ஒரு கல்லிடமா சொல்லியிருக்கிறார்?

"வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் காதை மூடிக்கிட்டானேம்மா" என்றார் டாக்டர். "நான் சொன்னதுல ஒண்ணாவது அந்த ஆள் மண்டையில ஏறியிருந்தா இந்த டீம் இப்படியா கிடக்கும்?"

நர்சம்மா குடையை அவர் தலைக்கு நேராகப் பிடித்தார்.

"கோல்கீப்பரை வித்துடணும், வெள்ளை ஜெர்சி போட்டாத்தான் பசங்க பளிச்சுன்னு தெரிவாங்கன்னு நீங்க சொன்னப்பல்லாம் கையைத் தூக்கினாரே டாக்டர், அது வலியில இல்லை, எழுதிக்க என்கிட்ட பேனா கேட்டாரு."