மாப்பிள்ளையைப் பென்சிலில் எழுதியவள்

ஒரு மொழியை நன்றாகத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டால் பேசுவார்கள். சுத்தமாகத் தெரியாதவர்கள் பேசாமல் இருப்பார்கள். ஊரைக் கெடுப்பதெல்லாம் நடுவில் நிற்கும் என்னைப் போன்ற ஆட்கள்தான். நாலு வார்த்தை புதிதாகப் படித்துவிட்டால், அதன் சூடு ஆறுவதற்குள் யார் தலையிலாவது கொட்டியாக வேண்டும் எங்களுக்கு. நான் கொட்டியது என் அக்கா செண்பகத்தின் தலையில். அதுவும் அவள் கல்யாணத்துக்கு நாள் குறிக்கப் போன இடத்தில்.

அப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்தபடி, பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் அம்மா, "புதன்கிழமை முடிந்துவிடுமா?" என்று கேட்டால், "முடிந்துவிடும்" என்பேன். மற்றவர்கள் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். "டென்டேடிவ்லி யெஸ்" என்பார்கள். புதன்கிழமை யாருக்குமே வேலை முடிந்திருக்காது. அவர்கள் உறுதி எதுவும் தராததால் தப்பித்துக்கொள்வார்கள். வாக்குக் கொடுத்த நான் மட்டும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

ஒருநாள் மேனேஜர், "லெட்ஸ் ப்ளே இட் பை இயர்" என்றார். நான் எல்லாம் புரிந்தவள் மாதிரி "ஷ்யூர்" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மாங்கு மாங்கென்று ஒரு முழுத் திட்டமே தயாரித்து அனுப்பினேன். முன்கூட்டித் திட்டமெல்லாம் வேண்டாம், அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அதற்கு அர்த்தமாம். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில்தான் அலுவலக ஆங்கிலம் சொல்லித்தரும் இணைய வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே திட்டமிடுவதற்கென்றே தனியாக ஒரு பாடம் இருந்தது. எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு வைத்துக்கொள்வது பிளான் பி. நடக்கவே கூடாதது நடந்தால் என்ன செய்வது என்று யோசிப்பது வொர்ஸ்ட் கேஸ். இன்னும் உறுதியாகாத ஒன்றை இப்போதைக்குக் குறித்து வைத்துக்கொள்வது பென்சில் இட் இன், அதாவது வேண்டாம் என்றால் அழித்துக்கொள்ளலாம். நிலவரம் மாறினால் சொல்லுகிறேன் என்பதற்கு கீப் யூ போஸ்டட். சொல்லித்தந்தவர் எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பார். "ஒரேயடியாக ஆமாம், இல்லை என்று மட்டும் எப்போதும் சொல்லிவிடாதீர்கள்" என்பது அவருடைய தாரக மந்திரம். எனக்கு ஞானம் பிறந்துவிட்டது.

ஞானத்தை முதலில் வீட்டில்தான் சோதித்துப் பார்த்தேன்.

"ஏட்டி மதி, தோசை ஊத்தட்டுமா?" என்று அம்மா கீழேயிருந்து கேட்டாள்.

"டென்டேடிவா ஊத்தும்மா."

"கல்லு காஞ்சு கெடக்கு. அதுகிட்ட வந்து சொல்லு."

(அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.)

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வருவாள். வருஷக்கணக்கில் வரன் வந்து, பஜ்ஜி தின்று, "போய் லெட்டர் போடுதோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கட்டத்தில் வருகிறவர்களின் போட்டோவைக்கூட அவள் பார்ப்பதில்லை. அப்படி இருந்தவள், கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன சாயங்காலம், "மறுபடி எப்பம்மா வாராவ?" என்று தானாகக் கேட்டாள். அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள். அதிலிருந்து வீட்டில் எல்லோரும் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரிதான் நடந்தோம்.

மாப்பிள்ளைக்கு அப்பா கிடையாது. சின்ன வயதிலேயே தவறிவிட்டார். ஒரே பையனைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய அம்மா. எனக்கு அத்தை முறை. பேச்சுவார்த்தை எல்லாம் மாப்பிள்ளையின் தாய்மாமாதான். நாள் குறித்துத் தட்டு மாற்றிக்கொள்வதற்காக நாங்கள் ஒரு வேன் பிடித்து, அக்காவையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

கூடத்தில் பாய் விரித்து, வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு இரண்டு தட்டுகள் எதிரெதிரே இருந்தன. ஐப்பசியில் ஒரு முகூர்த்தம் நன்றாக இருக்கிறது என்றார் மாமா. அந்த ஊரிலேயே ஆற்றங்கரை ரோட்டில் மண்டபம். எல்லாம் கூடிவந்துவிட்டது. தட்டை எடுத்து மாற்றவேண்டியதுதான் பாக்கி. எங்கள் அப்பா சும்மா இருந்திருக்கலாம்.

"ஏற்பாட்டையெல்லாம் எங்க சின்னவ பாத்துக்கிடுவா. பிளானிங்ல அவ பெரிய ஆளு" என்றார்.

நான் எழுந்து நின்றேன். (யாரும் நிற்கச் சொல்லவில்லை.)

மண்டபத்துக்கு ஒரு பிளான் பி வேண்டும் என்றேன். சமையல்காரருக்கு ஒரு பிளான் பி. மேளத்துக்கு ஒரு பிளான் பி. ஐப்பசி அடைமழைக் காலம் என்பதால், வொர்ஸ்ட் கேஸ், ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தில் போக்குவரத்து நின்றுவிட்டால் என்று நான் ஆரம்பித்ததும், வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது. நல்ல காரியம் பேசும் இடத்தில், அதுவும் தட்டு மாறாமல் இருக்கும்போது, "ஒருவேளை நடக்காவிட்டால்" என்ற பேச்சையே எங்கள் பக்கத்தில் வாயில் எடுக்கமாட்டார்கள். விளக்கை அணை என்றுகூடச் சொல்லாமல், மலையேற்று என்று சொல்கிற ஜனம். நானும் அந்த ஜனத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சேலை மடிப்பைச் சரிசெய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா நல்ல மனிதர். நிலைமையைச் சமாளிக்கச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லாத்துக்கும் மாத்து வச்சிருக்கியேம்மா, மாப்பிள்ளைக்கும் மாத்து ஆளு எதும் வச்சிருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கூறுள்ள பெண்ணாக இருந்தால் தானும் சிரித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கோ சிரித்த முகத்து வாத்தியார் கண்முன்னே வந்து நின்றார். ஆமாம், இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லக்கூடாது அல்லவா?

"இப்போதைக்கு மாப்பிள்ளையப் பென்சில்ல போட்டிருக்கோம் மாமா. எதும் மாறிச்சுன்னா கீப் யூ போஸ்டட்."

ட்யூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பல்லி உச்சுக்கொட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த வீட்டில் நான் பல்லிச் சத்தம் கேட்டதே இல்லை.

"சிவ சிவா" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்னது பலித்துவிடக்கூடாது என்று மாமா மர நாற்காலியின் கையை விரல் முட்டியால் தட்டினார். மாப்பிள்ளை மட்டும் சத்தமாகச் சிரித்தார். அத்தை அவரை ஒரு பார்வை பார்த்ததும் அதுவும் நின்றது.

"அப்போ ரப்பரு யாரு கையிலம்மா இருக்கு?" என்று அத்தை கேட்டார். குரல் உயரவே இல்லை.

அவர்கள் தப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்று ரொம்ப நாள் சொல்லித் திரிந்தேன். அது பொய். ரொம்பச் சரியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அலுவலகத்துக் கூட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஒரு அம்மாவிடம் அவள் பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அத்தை தன் தட்டைப் பைய தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். "பாப்போம்" என்றார்.

திருநெல்வேலிப் பக்கம் பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் "பாப்போம்" தெரியும். உறுதியாக ஒன்றும் சொல்லாத வார்த்தை என்று பார்த்தால், என் வாத்தியார் சொல்லித்தந்த அத்தனையும் இதற்குள் அடக்கம். காசு கட்டி நான் படித்ததை அத்தை ஓசியிலேயே தெரிந்து வைத்திருந்தார். காப்பி கொடுத்தார்கள். கிளம்பும்போது அம்மா கையில் அப்பளக் கட்டும் கொடுத்தார்கள். பாளையங்கோட்டை வரும்வரை அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

அக்கா வீட்டுக்கு வந்து, மாறாமல் வந்த தட்டிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"ஒனக்கு இங்கிலீஷ் பேசிப் பழக என் கல்யாணம்தான் கெடச்சுதாட்டி?"

"தெரியாமச் சொல்லிட்டேன்க்கா."

"எனக்கு அவரப் புடிச்சிருக்கு மதி. இத்தனை பேரு வந்தாவ, மொத தடவையா ஒருத்தரப் புடிச்சிருக்கு. நாளைக்கும் அந்த ஊரத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போவணும்."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். மாடியறையில் போய் உட்கார்ந்து அழுதேன். மூக்கைச் சிந்துவதற்குள் அலுவலகக் கூட்டம் வந்துவிட்டது. கேமராவை அணைத்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் "யெஸ்" என்றேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து போன் வரவில்லை. அப்பா தினமும் சார்ஜ் போட்ட போனையே மறுபடி சார்ஜ் போட்டார். அடுத்த சனிக்கிழமை அக்கா, "பாபநாசம் கோயிலுக்குப் போயிட்டு வாரோம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பாபநாசம் பஸ்தான் ஏறினோம். கல்லிடைக்குறிச்சி வந்ததும் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

கல்யாணம் பேசியிருக்கும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானாக வருவது அந்தத் தெருவுக்குப் புதிது. கதவைத் திறந்த அத்தை எங்கள் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க."

அக்கா உட்காரவில்லை. "இவ பேசினதுக்கு இவ மன்னிப்புக் கேப்பா, அத்தை. நான் என் பேச்சச் சொல்ல வந்தேன். நான் வேற யாரையும் பாக்கல. பாக்கவும் மாட்டேன். நீங்க எந்த நாளு குறிச்சாலும் எனக்குச் சம்மதம். வேண்டாம்னு சொன்னாலும் சரி, அதையும் வாயத் தொறந்து சொல்லிருங்க. இந்தப் பாப்போம் மட்டும் வேண்டாம்."

  அத்தை உள்ளே போனார். நான் மன்னிப்பைத் தமிழிலேயே, ஒரு வார்த்தை கலப்பில்லாமல், மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அவர் கையில் பஞ்சாங்கம் இருந்தது. என் மன்னிப்பை யாரும் கேட்கவே இல்லை.

"ஐப்பசியிலயே இருக்கட்டும்" என்றார்.

அன்றோடு நான் திருந்திவிட்டேன். ஒரு மண்டபம், ஒரு சமையல்காரர், ஒரு மேளம். மாற்று என்ற பேச்சையே எடுக்கவில்லை. மழை என்ற சொல்லைக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மழை பிடித்தது. வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. ஆற்றங்கரை ரோடு முங்கி, மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் கணுக்கால் தண்ணீர். எங்கள் சமையல்காரர் ஆட்களோடு ஆற்றுக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டார். அப்பா நனைந்தபடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, ஒன் பிளான் பி எங்க?"

"அதையெல்லாம் அன்னைக்கே விட்டுட்டேன்ப்பா."

"கோட்டிக்காரி! வேண்டாத அன்னைக்கு அவ்வளவு வச்சிருந்த!"

அப்போது அத்தை குடையோடு வந்தார். "மில்லுக்கு வாங்க. அங்கன பந்தல் போட்டாச்சு. எல சோறு எல்லாம் அங்கனதான்" என்றார். ஊருக்குள் மேடான இடத்தில் மாமாவுக்கு ஒரு அரிசி மில் உண்டு. போய்ப் பார்த்தால் நெல் காயப்போடும் களத்தில் தகரக் கொட்டகை, மணவறை, பெஞ்சு, அடுப்பு, உள்ளூர்ச் சமையல்காரர், காய்கறி. ஒரு மூலையில் ஈரத்துணி சுற்றிய கூடையில் இன்னொரு ஜோடி மாலை. வரமுடியாத மேளத்துக்குப் பதிலாக இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

"இதெல்லாம் எப்போ அத்தை ஏற்பாடு பண்ணினிய?"

"நாளு குறிச்ச அன்னைக்கே."

"அப்ப அன்னைக்கு என்னைய மட்டும்..."

"நீ சபையில சொன்ன. நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா நடந்திரும்லா?"

என்ன இருந்தாலும் என் வாய்க்கு இந்த அத்தை சளைத்தவர் இல்லை என்று தெரிந்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் மாத்து வச்சிருக்கியளே அத்தை, மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

அத்தை என்னைத் திட்டவில்லை. கூடையிலிருந்த மாலையின் ஈரத்துணியைச் சரிசெய்தார்.

"அவனுக்குத்தான் மாத்து இல்லையேட்டி. இருந்தா அன்னைக்கு நானும் சிரிச்சிருப்பேன்."

 அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் பைய அதை விடுவித்துக்கொண்டு, "இலையப் போடச் சொல்லு, போ" என்றார்.

அத்தானுக்கு இன்று தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று எந்த விசேஷத்துக்கு நாள் சொன்னாலும், "என்னையப் பென்சில்ல போட்டுக்கோ மதி" என்பார். வீடே சிரிக்கும். அக்கா அதிகமாகச் சிரிப்பாள். அத்தை மட்டும் ஒவ்வொரு முறையும், "அப்படிச் சொல்லாதலே" என்று நிஜமாகவே கோபப்பட்டு, பக்கத்தில் எங்கே மரம் இருக்கிறது என்று தேடித் தட்டுவார். இப்போதெல்லாம் எல்லாமே பிளாஸ்டிக் நாற்காலியாகப் போய்விட்டதால், அவர் எழுந்து வாசல்நிலை வரைக்கும் நடந்துபோய்த் தட்டிவிட்டு வருகிறார். முழங்கால் வலி அவருக்கு. அதனால் அவர் எழுவதற்கு முன்பே நான் ஓடிப்போய்த் தட்டிவிடுகிறேன்.