விட்டுப்போன சைபர்

மனிதர்களில் விலைப்பிழை வேட்டைக்காரர் என்றொரு இனம் உண்டு. இவரைத் தேடிக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். கைபேசியை மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, எங்கோ ஒரு மூலையில் யாரோ ஒரு ஓட்டல்காரர் அறை வாடகையில் ஒரு சைபரைப் போட மறந்துவிடும் அந்தப் பொன்னான கணத்துக்காகக் காத்திருப்பவர் இவர்தான். ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசையெல்லாம் இவருக்குக் கிடையாது. அடுத்தவன் தடுக்கி விழுந்த இடத்தில் மெத்தை போட்டுப் படுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இவரிடம் நியாயம் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? "நானா அந்த விலையைப் போட்டேன்? அவங்க போட்டாங்க, நான் பார்த்தேன், எடுத்துக்கிட்டேன்" என்பார். கடைக்காரர் மீதிச் சில்லறையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் அது பகல் கொள்ளை. கூடுதலாகக் கொடுத்தால் அது அதிர்ஷ்டம். "சரி, ஓட்டலுக்கு ஒரு போன் போட்டு, இது சரியான விலைதானான்னு கேட்டுடலாமே?" என்று சொல்லிப் பாருங்கள். தூங்குகிற குழந்தையைக் கிள்ளச் சொன்னது போலப் பதறிப் போவார்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் படித்துப் பிழைகளைச் சுழிப்பார். அடுத்த மேசையில் பக்கம் வடிவமைக்கிறவன் நான். அவரை நாங்கள் 'சிவப்பு மை' என்று கூப்பிடுவோம். வேண்டாத இடத்தில் ஒற்று மிகுந்தாலும் வேண்டிய இடத்தில் மிகாவிட்டாலும் அவருக்குத் தூக்கம் வராது. ஒரு புள்ளி விட்டுப்போனால் எழுதியவரையே நேரில் வரச்சொல்லிக் காட்டுவார்.

ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு வேளையில், அவர் வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி வழியில் நின்றது. கைபேசித் திரையில், ஏரிக்கரையில் இருக்கும் பெரிய ஓட்டல் ஒன்று. அறைக்குள்ளேயே ஊஞ்சல், சன்னலைத் திறந்தால் தண்ணீர். வாடகை, எங்கள் தெருமுனையில் சைக்கிள் நிறுத்துவதற்குக் கேட்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"ஒரு சைபர் விட்டுப்போயிருக்கு," என்றேன் நான்.

"உஷ்!" என்றார். "சத்தமா சொல்லாதீங்க. அவங்களுக்குக் கேட்டுடப் போகுது."

கை கழுவுவதற்குள் மூன்று அறைகளைப் பதிவு செய்துவிட்டார். ஒன்று அவருக்கும் மனைவிக்கும். ஒன்று மனைவியின் தம்பி குடும்பத்துக்கு. மூன்றாவது? எனக்குத்தான். அப்படிப் பார்க்காதீர்கள். இந்த இனத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் யாராவது ஒருவர் கூடவே போய்ப் பார்க்க வேண்டாமா?

மறுநாள் காலை ஓட்டலிலிருந்து போன் வந்தது. ஒரு பெண் குரல், அழாத குறை.

"சார், மன்னிக்கணும். வாடகையைப் பதியறப்ப ஒரு சைபர் விட்டுப்போச்சு. நீங்க ரத்து பண்ணிட்டா பணம் முழுசா வந்துடும். இல்ல, வந்துதான் ஆகணும்னா சரியான வாடகையில பாதிக்குத் தர்றோம் சார்."

"விட்டுப்போனது உங்க சைபரும்மா. பதிவானது என் ரூம்."

"சார்..."

"சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா? இவ்வளவு பெரிய ஓட்டல், ஒரு வாக்கைக் காப்பாத்த முடியாதா?"

அன்று மாலைக்குள் மூன்று பக்கக் கடிதம் ஒன்று தயாரானது. அதில் நாணயம் என்ற சொல் பதினோரு முறை வந்தது. ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. படித்துப் பார்த்த எனக்கே, ஏமாற்றப்பட்டவர் இவர்தானோ என்று கண் கலங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து மேலாளரிடமிருந்து ஒரு வரி பதில்: 'தாராளமாக வாருங்கள்.'

போனோம்.

அங்கேதான் வினையே. ஓட்டல்காரர்கள் முகம் சுளித்திருந்தால் இவருக்கு வசதியாக இருந்திருக்கும். நாலாவது பக்கம் எழுதியிருப்பார். அவர்களோ விழுந்து விழுந்து கவனித்தார்கள். கதவைத் திறந்துவிட்டவர் சிரித்தார். பெட்டி தூக்கியவர் சிரித்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் சிவப்பு மை ஒரு அங்குலம் குறைந்தார். இன்னொரு துண்டு வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, ஈரத் துண்டையே ஊஞ்சல் சங்கிலியில் காயப்போட்டார். மைத்துனர் மட்டும் ஒரு குறையும் இல்லாமல், "அத்தான், இந்த மாதிரி இன்னொரு சைபர் எங்கயாவது விழுந்தா சொல்லுங்க," என்று உற்சாகமாகத் திரிந்தார்.

சிவப்பு மையின் மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர். வலியோடு வருகிறவர்களின் கோபத்தையெல்லாம் நாள் முழுக்கத் தொலைபேசியில் வாங்கிக்கொள்கிற வேலை. ஒரே தொழில்காரர்களுக்குள் பேச்சு சுலபமாக வந்துவிடும் அல்லவா? கீழே வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணோடு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அந்தச் சமயம் பார்த்து, நகவெட்டி இரவல் கேட்க நான் போயிருந்தேன்.

"என்னங்க, அந்தச் சைபரை விட்டது அந்தப் பொண்ணுதான். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல. பதிவு செஞ்ச எண்பது பேருக்கும் அதுவே போன் பண்ணிக் கெஞ்சணும்னு சொல்லிட்டாங்களாம். வேலை நிரந்தரமா இல்லையான்னு இந்த மாசக் கடைசியில முடிவு பண்ணுவாங்களாம்."

"எண்பது பேரா!" என்று நிமிர்ந்தார் சிவப்பு மை. கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்றதும் ஒரு தெம்பு. "பார்த்தியா? எல்லாரும்தான் எடுத்திருக்காங்க. அவங்கள்லாம் எந்த மாடி?"

"அந்த விலைக்கு யாருமே வரலைங்க. பாதிப் பேர் அவங்களாவே ரத்து பண்ணிட்டாங்க. மத்தவங்க பாதி வாடகைக்கு ஒத்துக்கிட்டாங்க. அந்த விலைக்கேதான் வருவோம்னு நின்னது நாம மட்டும்தான்."

நான் நகவெட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சிவப்பு மை அன்று பகல் முழுக்க ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு பிழை அகப்பட்டால்தான் அவர் மனசு சமநிலைக்கு வரும். அகப்பட்டது. மேசைமேல் ஒரு வரவேற்பு அட்டை. 'உங்கள் வறுகை எங்களுக்கு மகிழ்ச்சி' என்று அச்சிட்டிருந்தார்கள். வல்லின றகரம்! வருகிறவரை எண்ணெய்ச் சட்டியில் போட்டு வறுக்கவா போகிறார்கள்? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துச் சுழித்தார். அட்டையோடு நேரே கீழே இறங்கினார்.

"இந்தாம்மா, இதைக் கவனிக்கறதில்லையா? ஒரு எழுத்து மாறினா அர்த்தமே போச்சே! தப்புன்னு கண்ணுல பட்டா உடனே சொல்லிடணும். அதுதான் பொறுப்பு."

அந்தப் பெண் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"எழுத்துக்கு மட்டும்தானா சார்?"

முப்பது வருடமாகப் பிறர் எழுதியதைத் திருத்தியவருக்கு அந்த ஒரு வரியில் திருத்த எதுவும் கிடைக்கவில்லை.

கிளம்பும் நாளில் அவர் மனைவி மேசைக்கு முன்னால் போய் நின்றார். "பாதி வாடகைன்னு சொன்னீங்களே, அந்தக் கணக்குல நான் படுத்த பாதிக் கட்டிலுக்கு நான் கட்டிடறேன்மா. அவர் பாதி அவர் இஷ்டம்."

பாதிக் கட்டிலை எந்தக் கட்டத்தில் பதிவது என்று தெரியாமல் அந்தப் பெண் கணினியைப் பார்த்துத் திகைத்தாள். மைத்துனர் சட்டென்று பெட்டிகளை எண்ணப் போய்விட்டார். நானா? பெட்டி எண்ண நான் அவருக்கு உதவினேன்.

சிவப்பு மை கையில் ரசீதை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. இரண்டு சட்டைகள் சலவைக்குப் போட்டிருந்தார். அது ரசீதில் இல்லை. எனக்கும் தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து படித்தார். மேலாளர் பின்னால் நின்று அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சலவை விட்டுப்போச்சும்மா," என்றார் மிக மெதுவாக, மேலாளருக்குக் கேட்காதபடி. அவள் சரிசெய்து தந்தாள். கட்டினார். வெளியே வந்து வண்டியில் ஏறினார். அவர் மனைவி, புதிதாக யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல அவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதம் அந்தப் பெண்ணுக்கு வேலை நிரந்தரமாயிற்று. எண்பது பேரிடம் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாமல் பேசியதற்காக மேலாளரே பாராட்டினார் என்று, இன்றைக்கும் அவளோடு போனில் பேசுகிற சிவப்பு மையின் மனைவி சொன்னார். ஆனால் எங்கள் அச்சகத்தில் வழங்குகிற வரலாறு வேறு. "அன்னிக்கு மட்டும் நான் அந்தச் சலவைத் தப்பைச் சொல்லலேன்னா பாவம், அந்தப் பொண்ணு வேலையே போயிருக்கும்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். சலவைக் கதையில் இரண்டு சட்டைகள் இப்போது ஆறாகியிருக்கின்றன. அறைக் கதை மட்டும் அதில் வருவதே இல்லை. பிழை திருத்துபவர் அல்லவா? எடுத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதுவரை இந்தக் கதையை ஏழெட்டுப் பேரிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் தலையை ஆட்டி, 'ச்சே, இப்படியும் ஒரு மனுஷனா' என்று வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு முடித்ததும், குரலைத் தாழ்த்தி, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

அதனால்தான் அந்த ஓட்டலின் பெயரை உங்களுக்குச் சொல்லவில்லை.